தித்திகாகா ஏரியின் வலைஞரும் கோரை ஓடமும்

சரித்திரம் என்ற மாத்திரத்தில் நம்மவர் உள்ளத்தில் அரசரும், போர்க்களமும், கோட்டை கொத்தளங்களுமே தோன்றுகின்றன. ஏர் பிடித்தவன் சரித்திரமும், வலை வீசியவன் சரித்திரமும், ஓடம் கட்டியவன் சரித்திரமும் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. எழுதப்பட்ட சில இடங்களிலும் அவற்றை எழுதினோர் அத்தொழிலாளர் அல்லர். அவர்களிடம் வரி வாங்க வந்தவர்களும், அவர்களைத் திருத்த வந்தவர்களுமே ஆவர். இதனால் விளைந்த தீங்கு ஒன்று உண்டு. ஒரு கூட்டத்தாரைத் தாழ்ந்தவர் என்று ஒதுக்கிய உலகம், அவர்கள் தொழிலுக்குள் அடங்கிக் கிடந்த அறிவையும் உடன் ஒதுக்கிவிடுகிறது. அவ்வறிவை இழந்ததனால் நேர்ந்த நஷ்டம் பின்னரே தெரியவருகிறது. இவ்வுண்மைக்குத் தென்னமெரிக்காவிலுள்ள தித்திகாகா என்னும் மலையேரியின் வரலாறு தக்க சான்றாகும். நம் குடும்பங்களில் பெரியோரும் சிறியோரும் கூடியிருந்து படித்தறியுமாறு அதனை ஈண்டு எழுதலுற்றேன்.

ஏரியின் இயல்பு

தென்னமெரிக்காக் கண்டத்தின் மேற்குக் கரையை ஒட்டி வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது ஆண்டீஸ் மலைத்தொடர். அதன் நடுப்பாகத்தில் இரண்டு மலை வரிசைகளுக்கிடையே உயர்ந்ததோர் பீடபூமி உளது. அங்கே மரங்கள் அரிது, காற்று மெலிந்தது, பகலில் வெயில் சுடும், இரவில் உறைபனி வாட்டும். அப்பீடபூமியின் மீது, பெரு, பொலிவியா என்னும் இரு தேசங்களுக்கும் பொதுவாகக் கிடப்பதே தித்திகாகா ஏரி. கடல் மட்டத்திற்கு மேல் அதன் உயரம் சுமார் 12,500 அடி. நமது நீலகிரியின் சிகரமாகிய தொட்டபெட்டாவின் உயரமோ 8,650 அடிதான். அச்சிகரத்தினும் ஏறக்குறைய 3,850 அடி மேலே ஒரு சிறு கடலைக் கொண்டுபோய் வைத்தாற்போன்றது இவ்வேரி. இதன் நீளம் சுமார் 120 மைல். மிக அகன்ற இடத்தில் அகலம் சுமார் 50 மைல். பரப்பு ஏறக்குறைய 3,200 சதுர மைல். மிக ஆழ்ந்த இடத்தில் ஆழம் 900 அடிக்கு மேற்படும்.

இவ்வேரியின் இயல்பில் முக்கியமாக உணரத்தக்கது ஒன்றுண்டு. இருபத்தைந்துக்கு மேற்பட்ட ஆறுகள் இதனுள் வந்து விழுகின்றன. வெளியே செல்வதோ தெசாகுவாதேரோ என்னும் ஓர் ஆறே. உட்புகும் நீரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அவ்வாற்றின் வழியாக வெளியேறுகிறது. எஞ்சியதையெல்லாம் வெயிலும் காற்றும் குடித்துவிடுகின்றன. அதனால் ஏரி நீர் சற்றே உவர்ப்புடையதாக இருக்கிறது. இவ்வேரிக்குள் வந்து சேர்ந்தது எதுவாயினும் எளிதில் வெளியே போகாது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வரும் செய்திகளுக்கெல்லாம் இதுவே காரணமாகும்.

இந்நீரில் இயற்கையாய் வாழ்ந்த மீன்கள் உருவத்திற் சிறியவை. ஒரெஸ்தியாஸ் என்று விஞ்ஞானிகள் பெயரிட்ட இனத்தைச் சேர்ந்த மீன்களே அவற்றுட் பெரும்பாலன. இருபதுக்கு மேற்பட்ட வகைகள் இவ்வேரியில் உள. கரையோரத்துக் கோரைப் புதர்களில் திரிவன கராச்சி எனப்படும்; நடு ஏரியில் கூட்டங் கூட்டமாகத் திரியும் விரலளவு மீன் இஸ்பி எனப்படும்; போகா என்பது மற்றொன்று. இவற்றுள் யாவற்றினும் பெரியது உமாந்து என்பது. அதுவும் ஏறக்குறைய ஒரு சாண் நீளமே வளர்ந்தது. இவையன்றி, செதிலில்லாத கெளுத்தி போன்ற மீன்களும் இங்கு உண்டு. சிறு மீன்தானே என்று இகழற்க. இஸ்பியை வெயிலிலும் பனியிலும் உலர்த்திக் கருவாடாக்கி, கழுதைமீதும் லாமா என்னும் பொதி விலங்கின் மீதும் ஏற்றிக் கொண்டுபோய், தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் விளையும் மக்காச்சோளத்திற்கு மாற்றி வந்தனர். உருளைக்கிழங்கும் கருவாடுமே அம்மலை ஜனங்களின் உடலை வளர்த்தன.

கோரையும் ஓடமும்

மரமில்லா நாட்டில் ஓடம் எங்ஙனம் செய்வது? ஏரியே அதற்கு விடையளித்தது. ஏரியின் ஆழமற்ற ஓரங்களில் தொத்தோரா என்னும் ஒருவகைக் கோரை அடர்ந்து வளர்கின்றது. அது ஆளுயரத்திற்கு மேற்பட வளரும். தண்டின் உள்ளே காற்றறைகள் நிறைந்திருத்தலால் நீரில் மிதக்கும். அதன் வெண்மையான அடித்தண்டை ஜனங்கள் உரித்து உண்பர், பசுந்தழையை மாட்டுக்கு இடுவர், உலர்ந்ததைப் பாயாக முடைவர், கூரையாக வேய்வர், ஓடமாகக் கட்டுவர். ஒரு புல் ஒரு நாட்டாருக்கு உணவும், வீடும், படுக்கையும், வாகனமும் ஆயிற்று.

நமது கடற்கரையில் கட்டுமரம் கட்டுவோர் மரங்களைச் சேர்த்துக் கட்டுவர். தித்திகாகாவில் கோரைக் கற்றைகளைச் சேர்த்துக் கட்டுவர். இரண்டு பருத்த கற்றைகளை நீளமாக அமைத்து, அவற்றினிடையே மெலிந்த கற்றை ஒன்றை வைப்பர். இந்நடுக் கற்றையை ஓடத்தின் இருதயம் என்பர். பக்கக் கற்றை ஒவ்வொன்றையும் நடுக் கற்றையோடு நீண்ட கயிற்றினால் சுற்றிச் சுற்றி வரிந்து, பலர் கூடி இறுக்குவர். இறுக இறுக இரு பக்கங்களும் ஒன்றையொன்று நெருங்கி, இருதயம் உள்ளே மறைந்து, ஓடம் முழுவதும் ஒரே உடலாகிவிடும். கயிறும் அந்நாட்டு மலைப்புல்லைத் திரித்துச் செய்ததே. இரு முனைகளையும் மேல்நோக்கி வளைத்து, விளிம்பில் சிறு கற்றைகளை வைத்துக் கட்டினால் ஓடம் முடிந்தது. ஆணியில்லை, பலகையில்லை, இரும்பென்பது சிறிதுமில்லை. பாயும் கோரையே. ஆழமற்ற நீரில் நீண்ட கழியால் ஊன்றித் தள்ளுவர். ஆழ்ந்த நீரில் துடுப்பிடுவர். காற்று வாய்த்தால் பாய் விரிப்பர்.

இவ்வோடத்திற்கு ஒரு குறையும் உண்டு. நீரில் ஊறி ஊறி, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்திற்குள் அது அழுகிவிடும். ஆகையால் ஓடம் கட்டும் தொழில் அங்கு ஒருநாளும் ஓய்ந்ததில்லை. தந்தை கட்டும்போது மகன் கயிற்றைப் பிடித்தான். மகன் கட்டும்போது பேரன் பிடித்தான். ஆண்டுதோறும் செய்து தீரவேண்டிய தொழிலாக இருந்தமையாலேயே, ஏடு எழுத்து ஒன்றுமின்றி அவ்வித்தை நூற்றாண்டுகள் பல கடந்து வந்தது.

ஏரியின் தென்கரைக்கு அருகில், கி.பி. 500 முதல் 1000 வரை தியவனாக்கு என்னும் மாநகரம் சிறப்புற்றிருந்தது. அதன் கோயில்களிலுள்ள கற்களிற் சில, ஏரிக்கு அப்பாலுள்ள காப்பியா மலைச்சாரலிலிருந்து வந்தவை. இப்பாறைகள் எங்ஙனம் வந்தன என்று நெடுநாள் வியந்த ஆராய்ச்சியாளர், 2002-ம் வருஷத்தில் பெரியதொரு கோரை ஓடம் கட்டுவித்து, 9 டன் எடையுள்ள கல்லை அதில் ஏற்றி ஏரியிற் கொண்டுசென்று காட்டினர். அக்காலத்து ஓடக்காரரின் திறம் எத்தகையதென்பது இதனால் ஒருவாறு புலனாகும்.

மனிதராக எண்ணப்படாத மனிதர்

இனி இவ்வேரியின் ஜனங்களைப் பற்றிச் சிறிது கூறுவோம். கரையில் உழுது பயிரிட்டு, லாமாக்களை மேய்த்தோர் அய்மாரா, கெச்சுவா என்னும் பாஷைகளைப் பேசுவோர். நீரையே நம்பி, மீன் பிடித்தும், பறவை பிடித்தும், கோரை அறுத்தும் வாழ்ந்தோர் ஊரோ என்னும் ஜாதியார். 15-ம் நூற்றாண்டில் இங்கா அரசர் இந்நாட்டை வென்றனர். 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர் வந்து இங்கா அரசை வீழ்த்தினர். அரசு மாறியபோதிலும் ஊரோக்களின் நிலை மாறவில்லை. நிலமில்லாதவர், நாகரிகமில்லாதவர் என்று எல்லோரும் அவர்களை இகழ்ந்தனர்.

1590-ம் வருஷத்தில் ஹோசே தெ அகோஸ்தா என்னும் ஸ்பானியப் பாதிரியார் தாம் வெளியிட்ட நூலில் இவர்களைக் குறிப்பிடுகிறார். நீங்கள் யார் என்று வினவியபோது, தாங்கள் மனிதர் அல்லர், ஊரோக்களே என்று அவர்கள் விடை கூறியதாக அவர் எழுதினார். அவர்கள் தம் வாயால் அங்ஙனம் சொன்னார்களோ, பிறர் சொல்லைப் பாதிரியார் எழுதினாரோ, ஆராய்வதனாற் பயனில்லை. ஒரு ஜாதியாரைப் பற்றி அப்படியொரு சொல் ஊரில் வழங்கிற்று என்பதே நம் நெஞ்சைச் சுடுகிறது. பிறரை இழித்துரைக்கும் சொல், நாள் பல வழங்கினால், இழித்துரைக்கப்பட்டோரின் வாயிலும் ஏறிவிடும் என்பதை நாம் அறியாதவரல்லோம்.

ஆயினும் வரிக் கணக்கு வேறொரு கதை சொல்லுகிறது. 1570-களில் ராஜப்பிரதிநிதி தொலேதோ என்பவர் எடுத்த கணக்கில், ஏரியைச் சூழ்ந்த பிரதேசத்தில் வரி செலுத்திய சுதேசிகளுள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் ஊரோக்களாகவே இருந்தனர். வறியவர் என்று கருதி அவர்களுக்குக் குறைந்த வரியே விதித்தனர். இத்தனை பெருங்கூட்டத்தார் பின்னர் எங்கே போயினர்? மாண்டவர் சிலர், கரையேறி நிலம் பெற்று, அய்மாரா பாஷை பேசி, அய்மாராக்களாகவே கலந்துவிட்டவர் பலர். இழிபெயரினின்று தப்ப அவர்களுக்கு இருந்த வழி அதுவே. இன்று புனோ நகரத்தை அடுத்த நீரில் கோரைத் தீவுகளில் வாழும் ஊரோக்களும் தம் பழைய பாஷையை இழந்து அய்மாராவே பேசுகின்றனர். கோரையின் வேர்க்கட்டைகளைப் பிணைத்து மிதக்கவிட்டு, அவற்றின்மேல் கோரையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அடியில் அழுக அழுக மேலே புதிது பரப்பி வாழும் அவர்களது வாழ்க்கையைக் காண உலகமெங்குமிருந்து யாத்திரிகர் வருகின்றனர். மனிதரல்லர் என்று ஒதுக்கப்பட்டோரின் வீட்டைக் காண இப்பொழுது அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது!

நீரில் எழுதிய எல்லைகள்

நிலத்திற்கு வரப்புண்டு; நீருக்கு வரப்பு ஏது என்று கேட்கலாம். தித்திகாகாவின் வலைஞர் நீருக்கும் வரப்பிட்டிருந்தனர். ஒவ்வோர் ஊருக்கும் அதன் கரையை அடுத்த நீர் உரியது. இன்ன மலைமுனையிலிருந்து இன்ன பாறை வரை இவ்வூருக்கு, அப்பால் அடுத்த ஊருக்கு என்று கண்ணால் அளந்து வைத்திருந்தனர். கோரைப் படுகைகளும் அங்ஙனமே. குடும்பத்திற்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டு, அறுத்த இடத்தில் வேர்க்கட்டைகளை நட்டு மறுபடி வளர்த்தனர். அயலூரான் வந்து வலை போட்டால் முதலில் எச்சரிப்பர். மீண்டும் வந்தால் வலையைப் பறிப்பர். அரசாங்கச் சட்டப்படி ஏரி யாவருக்கும் பொது. ஆயினும் ஊர்க் கட்டுப்பாட்டின்படி அது ஊருக்கு உரியது. 1980-களில் அங்கு சென்று ஆராய்ந்த அறிஞர்கள் இக்கட்டுப்பாடு அன்றும் உயிரோடிருத்தலைக் கண்டு வியந்து எழுதினர்.

இவ்வலைஞரிற் பெரும்பாலோர் முழு நேரமும் மீன் பிடிப்போர் அல்லர். விதைப்புக் காலத்தில் நிலத்திலும், ஓய்ந்த காலத்தில் நீரிலும் உழைப்பர். இரண்டு ஓடங்களுக்கு நடுவே பைபோன்ற வலையை இழுத்துச் செல்வதும், ஆழமற்ற நீரில் கைவலையாலும் ஈட்டியாலும் பிடிப்பதும் பழைய முறைகள். கோரை ஓடம் வெகுதூரம் போகாது; கம்பளி நூல் வலை வெகு நாள் உழைக்காது. ஆகவே பிடிக்கும் மீனுக்கும் ஒரு வரம்பிருந்தது. இதனை அவர்கள் வேண்டுமென்றே விதித்துக்கொண்ட தவமென்று நான் கூறவில்லை. கருவியின் அளவும், ஊர்க் கட்டுப்பாடும், நிலத்து வேலையும் ஒன்றுசேர்ந்து ஏரியைக் காத்தன என்றே கூறுகிறேன்.

மலையேறிய இரும்புக் கப்பல்

19-ம் நூற்றாண்டில் பெரு தேசம் சுதந்திரம் பெற்றபின், அதன் அரசாங்கத்தார் இவ்வேரியில் நீராவிக் கப்பல் விடக் கருதினர். 1861-ம் வருஷத்தில் இங்கிலாந்துக்கு உத்தரவு சென்றது. லண்டனில் தேம்ஸ் இரும்புக் கப்பல் தொழிற்சாலையில் யவாரி, யாபுரா என்னும் இரண்டு கப்பல்கள் செய்யப்பட்டன. செய்த கப்பலை 12,500 அடி உயரத்திற்கு ஏற்றுவது எப்படி? 2,700-க்கு மேற்பட்ட துண்டுகளாகப் பிரித்து, கடல் வழியாக அரிக்கா துறைமுகத்தில் இறக்கி, தாக்னா நகர் வரை ரயிலிலும், அப்பால் கோவேறு கழுதைகளின் முதுகிலும் கொண்டு சென்றனர். ஒரு கழுதை சுமக்கத்தக்க பாரத்திற்கு மேற்படாதவாறு ஒவ்வொரு துண்டும் அமைந்திருந்தது. பாலைவனத்தையும், ஏரியினும் உயர்ந்த கணவாய்களையும் கடந்து அவை புனோ நகரத்தை அடைந்தன. சில்லரை சில்லரையாகத் துண்டுகள் வந்து சேர்ந்து, யவாரி நீரில் இறங்கியது 1870-ம் வருஷம் டிஸம்பர் மாதம் 25-ம் தேதியாகும். நிலக்கரி கிடையாத அவ்விடத்தில் உலர்ந்த லாமாச் சாணத்தையே அதன் உலையில் எரித்தனர். 1874-ல் ரயில் பாதை புனோவை எட்டிற்று. அதன்பின் கம்பளியும் உலோகமும் ஏரியைக் கடந்து கடலுக்குச் சென்றன.

இம்முயற்சி மிகப் பெரிதென்பதில் ஐயமில்லை. மனிதரின் விடாமுயற்சிக்கு இதனை உதாரணமாகக் கூறுதல் தகும். ஆனால், கப்பல் வந்து சேர ஏறக்குறைய ஒன்பது வருஷம் ஆயிற்று. அந்த ஒன்பது வருஷமும், அதற்கு முன் நூற்றுக்கணக்கான வருஷமும், சில நாளில் கட்டி முடிக்கும் கோரை ஓடமே அவ்வேரியில் ஜனங்களைச் சுமந்தது என்பதையும் உடன் சொல்லுதல் நியாயம். நீராவிக் கப்பலால் வலைஞருக்குப் பெருந்தீங்கு நேரவில்லை. அது ஏரியின் மேலே ஓடிற்று. ஏரியின் உள்ளே கை வைக்கவில்லை. உள்ளே கை வைத்த காலம் 20-ம் நூற்றாண்டில் வந்தது.

நன்மை செய்ய வந்தவர்

1930-களின் நடுவில் அமெரிக்க ஐக்கிய நாட்டு மீன்துறை நிபுணர் ஒருவர் ஏரியை வந்து பார்வையிட்டார். இவ்வளவு பெரிய ஏரியில் இவ்வளவு சிறிய மீன்கள் இருப்பது வீண் என்றும், பெரிய அயல்நாட்டு மீன்களை விட்டால் வியாபாரம் விருத்தியாகும் என்றும் ஆலோசனை கூறப்பட்டது. 1937-ல் இங்கிலாந்திலிருந்து பெர்சி ஸ்லேடன் தர்மநிதியின் உதவி பெற்று வந்த விஞ்ஞானிகளின் குழு, ஏரியின் உயிர்களைப் பிடித்து ஆராய்ந்து விரிவாக எழுதிற்று. இவ்வாராய்ச்சி முழுதும் அச்சேறி முடியும் வரை அதிகாரிகள் காத்திருக்கவில்லை. 1940-ஐ ஒட்டிய சில வருஷங்களில் சுக்குயித்தோ என்னுமிடத்தில் பொரிப்பகம் ஒன்று ஏற்படுத்தி, வட அமெரிக்காவிலிருந்து முட்டைகளைத் தருவித்து, டிரௌட் மீன்களை ஏரியில் விட்டனர். நமது நீலகிரி ஓடைகளிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரரின் தூண்டில் விளையாட்டின் பொருட்டு விடப்பட்டது இம்மீனே.

இதற்கு அப்பால் மற்றொரு விருந்தாளியும் வந்து சேர்ந்தது. 1940-களில் அர்ஜென்டினா தேசத்தின் பெஹெர்ரேய் என்னும் மீனைத் தெற்கேயுள்ள போப்போ ஏரியில் விட்டனர். அது தெசாகுவாதேரோ ஆற்றின் வழியாக எதிர்நீச்சலிட்டு, 1950-களின் நடுவில் தித்திகாகாவை அடைந்தது. ஏரிக்கு ஒரே வாயில் என்று முன்பு சொன்னேன் அல்லவா? அவ்வாயிலின் வழியே நீர் வெளியே போயிற்று. மீன் உள்ளே வந்தது.

டிரௌட் முதலில் செல்வம் கொண்டுவந்தது என்பதை மறைத்தல் கூடாது. ஆளின் கையளவு நீண்ட மீன்கள் வலையிற் பட்டபோது வலைஞரும் மகிழ்ந்தனர். நைலான் நூலாலாய செவுள்வலை வந்தது. பலகைப் படகு வந்தது. பின்னர் யந்திரமும் வந்தது. 1960-களில் மீனைத் தகர டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகள் கரையோரங்களில் எழுந்தன. வெளிநாட்டு மேசைகளுக்கு மீன் கப்பலேறிற்று. ஆனால் வரம்பின்றிப் பிடித்ததனால் டிரௌட் விரைவில் அருகிற்று. அப்பத்தாண்டு முடிவதற்குள் தொழிற்சாலைகள் மூடப்பட்டன.

தொழிற்சாலை போனாலும் அயல்மீன்கள் போகவில்லை. உமாந்து என்னும் பெரிய சுதேசி மீனை 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ஒருவரும் காணவில்லை. அது உலகினின்றே அற்றுப்போனதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டுள்ளனர். இந்த ஏரியையன்றி வேறெங்கும் அது வாழ்ந்ததில்லை. போகாவும் மிக அருகிவிட்டது. 1981-ல் ஒருவகை நுண்ணுயிர் நோய் பரவி, சுமார் 1 கோடியே 80 லட்சம் கராச்சி மீன்கள் மடிந்தனவென்று மதிப்பிட்டனர். கண்ணுக்குத் தெரியாத நைலான் வலையில் அகப்பட்டு, பறக்கவறியாத தித்திகாகா முக்குளிப்பான் பறவைகளும் மூழ்கி இறக்கின்றன.

இங்ஙனம் செய்தோர் தீயவர் அல்லர். ஏழை ஜனங்களுக்கு உணவும் வருவாயும் பெருக வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அவர்களிடம் கப்பலும், பொரிப்பகமும், பட்டமும் இருந்தன. ஏரியில் எந்த மீன் எங்கே முட்டையிடும், எந்தக் கோரைப் புதரில் எந்த மாதத்தில் குஞ்சு திரியும் என்ற அறிவோ வலைஞரிடம் இருந்தது. நன்மை செய்ய வந்தவர் அந்த அறிவை ஓர் அறிவாக எண்ணி, ஏரியை மாற்றுமுன் அவர்கள் கருத்தைக் கேட்டிருக்க வேண்டும். 1590-ல் மனிதரல்லர் என்று எழுதப்பட்டோரிடம், 350 வருஷம் கழிந்த பின்னும், கேட்டறியத்தக்கது ஒன்றுண்டு என்ற நினைவு எழவில்லை. இவ்விரண்டு செய்திகளுக்கும் தொடர்புண்டு என்பதே என் அபிப்பிராயம்.

கோரை ஓடம் கடல் கடந்தது

இது நிற்க. பலகைப் படகு பரவியதும் கோரை ஓடம் கட்டுவோர் குறைந்தனர். அத்தொழில் மறைந்தே போகும் என்று எண்ணத்தக்க காலத்தில் விசித்திரமான நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. நார்வே தேசத்து ஆராய்ச்சியாளராகிய தோர் ஹேயர்தால் என்பவர், பழங்காலத்தார் புல்லாலாகிய ஓடத்தில் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைக் கடந்திருத்தல் கூடும் என்று காட்ட விரும்பினார். 1969-ல் ஆப்பிரிக்காவின் சாட் ஏரியிலிருந்து ஓடம் கட்டுவோரை வரவழைத்து அவர் கட்டுவித்த ரா என்னும் ஓடம், கரை சேருமுன் சிதைவுற்றது. அடுத்த வருஷம் அவர் தித்திகாகாவின் சூரிக்கி தீவிலிருந்து அய்மாரா தொழிலாளர் நால்வரை மொராக்கோ தேசத்திற்கு அழைத்தார். பவுலினோ எஸ்தேபன் என்பவர் அவர்களுள் ஒருவர். கடலையே கண்டறியாத மலைவாசிகள் அவர்கள். தம் ஏரியில் செய்வது போலவே இரண்டு பெருங்கற்றைகளின் நடுவே இருதயத்தை வைத்து, நீண்ட கயிற்றால் வரிந்து, ரா II என்னும் ஓடத்தைக் கட்டினர். 1970-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி ஸாஃபி துறைமுகத்தினின்று புறப்பட்ட அவ்வோடம், 57 நாளில் சுமார் 3,800 மைல் கடந்து பார்படோஸ் தீவை அடைந்தது.

ஹேயர்தாலின் கொள்கையைச் சரித்திர ஆசிரியர் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. ஓடம் மிதந்ததனாலேயே முன்னோர் அவ்வழி வந்தனர் என்று துணிதல் இயலாதுதான். ஆனால் ஓடம் கட்டியவரின் திறத்தை மறுப்பார் ஒருவருமிலர். 1977-ல் அவரே தைகிரிஸ் என்னும் மற்றோர் ஓடத்தை இராக் தேசத்தில் கட்டத் தொடங்கியபோது, மீண்டும் தித்திகாகாவுக்கே ஆளனுப்பினார். உலகத்தில் நூல்நிலையங்கள் பலவிருந்தும், வேண்டிய வித்தை எந்த நூலிலும் கிடைக்கவில்லை. சூரிக்கித் தீவினரின் கைகளிலேயே இருந்தது.

இன்றைய நிலை

1978-ல் பெரு அரசாங்கத்தார் கோரைப் படுகைகளைக் காக்கும் பொருட்டுத் தித்திகாகா தேசிய ஒதுக்கிடம் ஒன்றை ஏற்படுத்தினர். நோக்கம் நன்றே. ஆயினும் தாம் நட்டு வளர்த்த கோரையை அறுக்கத் தமக்கே உத்தரவு வேண்டுமென்பதைக் கரையூரார் பலர் ஒப்பவில்லை. வழக்கும் வாதமும் பல ஆண்டுகள் நடந்தன. டிரௌட் மீனை இப்பொழுது வலைக் கூண்டுகளில் அடைத்து வளர்க்கின்றனர். புனோ பிரதேசம் பெரு தேசத்தில் அம்மீன் வளர்ப்பில் முதன்மை பெற்றுள்ளது. ஊரார் பலரும் அதனாற் பிழைக்கின்றனர். மறுபுறம், பெருகி வரும் நகரங்களின் கழிவுநீர் ஆறுகளின் வழியாக ஏரியில் வந்து சேர்கிறது. 2016-ல் கோவாத்தா ஆற்றில் சுமார் 10,000 தித்திகாகாத் தவளைகள் செத்து மிதந்தன. தெசாகுவாதேரோ ஆறு சென்று சேரும் போப்போ ஏரியோ, 2015-ல் அடியோடு வறண்டது. அதன் கரையில் தலைமுறை தலைமுறையாய் மீன் பிடித்த ஊரோக்கள் தொழிலிழந்து சிதறினர். 2023-ல் மழை பொய்த்துத் தித்திகாகாவின் நீரும் மிகத் தாழ்ந்து, கோரைப் படுகைகள் தரையாயின. ஓடங்கள் சேற்றில் நின்றன.

சகோதர சகோதரிகளே! இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? பழையது யாவும் நன்று, புதியது யாவும் தீது என்பதன்று. கூண்டு மீனால் வயிறு நிறைந்த குழந்தையிடம் அங்ஙனம் சொல்ல எவருக்கும் வாய் வராது. கற்றவர் சொல் கேளாதீர் என்பதுமன்று. ஏரியின் நோயை இன்று கண்டு சொல்வோரும் கற்றவரே. ஒரு தொழிலைச் செய்வோரைத் தாழ்த்தி வைத்த இடத்தில் அத்தொழிலின் அறிவைக் கேட்பார் இல்லாது போகும். கேட்பார் இல்லாத அறிவு ஒரு தலைமுறையில் அழியும். அழிந்தபின் அதன் நஷ்டம் தாழ்த்தப்பட்டோரோடு நில்லாது, நாடு முழுவதையும் பற்றும் என்பதே நாம் கொள்ளத்தக்கது. உமாந்து மீன் போனது ஊரோக்களுக்கு மாத்திரமா போயிற்று? உலகுக்கே போயிற்று.

ஆதலின் நம் அங்கத்தினருக்கு ஒரு விண்ணப்பம். நம் குடும்பங்களில் பாட்டனாரும் பாட்டியாரும் செய்த கைத்தொழில் எதுவாயினும், அதன் கருவிகளின் பெயர், செய்யும் முறை, பருவம், கட்டுப்பாடு ஆகியவற்றை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதி வையுங்கள். அத்தொழிலை நம் பிள்ளைகள் தொடர வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அவர்கள் எவ்வுத்தியோகத்திற்கும் சென்று மேன்மையடைக. தம் முன்னோர் அறிவிலிகள் அல்லர் என்பதையாவது அவர்கள் அறிந்து செல்வாராக. சூரிக்கித் தீவில் ஒரு மகன் தந்தைக்குக் கயிறு பிடித்துக்கொண்டு நின்றிராவிட்டால், 1970-ல் அந்த ஓடத்தைக் கட்ட உலகில் எவரும் இருந்திரார்.